மிளகாய்த்தூள் கேஸில் அலைந்து நான் தெரிந்துகொண்டவை

தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கடை, பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. எல்லாம் என் பெயரில்தான். 2021 கடைசியில் என் கடையில் எடுத்த ஒரு மிளகாய்த்தூள் சாம்பிள் என்னை ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக அலைய வைத்தது. அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் "கட்டிட்டு விடுங்க" என்றார்கள். எங்கே, எதற்கு, எவ்வளவு கட்டுவது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. என்னைப் போல பாக்கெட் வாங்கி பாக்கெட் விற்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். கலப்படம் செய்பவனைக் காப்பாற்றும் வழி எதுவும் இதில் இல்லை. அப்படிப்பட்டவனை உள்ளே வைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நானும் அதே தூளைத்தான் குழம்பில் போடுகிறேன்.

முதலில் சாம்பிள் எடுத்த நாளைச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் உதவியாளரும் வந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில் தயாராகும் ஒரு சின்ன கம்பெனியின் மிளகாய்த்தூளில் நான்கு பாக்கெட் கேட்டார்கள். அதற்குப் பணமும் கொடுத்தார்கள், என்னிடம் ரசீதும் வாங்கிக்கொண்டார்கள். மாதிரி எடுத்தால் கடை விலையைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு பாக்கெட்டையும் கெட்டித் தாளில் சுற்றி, குறியீட்டு எண் போட்ட சீட்டை ஒட்டி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். என் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி சுற்றுத்தாளிலும் விழுகிற மாதிரி வாங்கினார்கள். இது சும்மா சடங்கு இல்லை. பிற்பாடு யாராவது தாளைப் பிரித்து வேறு ஒன்றை வைத்தால் அந்தக் கையெழுத்து ஒட்டாமல் காட்டிக் கொடுத்துவிடும். கையெழுத்துப் போடுகிறவருக்கான பாதுகாப்பு அது.

அப்புறம் படிவம் 5ஏ என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதை நிரப்பும்போது அலுவலர், "நாலாவது பாகத்தை வேற லேபுக்கு அனுப்பணுமாம்மா? செலவு உங்களோடது" என்று கேட்டார். நான் தயாரித்த பொருள் இல்லையே, நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று "வேண்டாம் சார்" என்றேன். "தேவையில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். ஒரு விவரமும் சொல்லாமல் ஒருவரிடம் அவருடைய உரிமையைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அலுவலரைக் குறை சொல்லவில்லை, அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அந்த ஒரு வரிக்கு என்ன பொருள் என்று வக்கீல் சொல்லித்தான் பின்னால் புரிந்தது.

பொருள் இதுதான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, பிரிவு 47-இன்படி மாதிரியை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பாகம், மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால் மட்டும், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இரண்டு ஆய்வகமும் வேறு வேறு முடிவு சொன்னால், நியமன அலுவலர் தன்னிடம் உள்ள பாகத்தை மேல் ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும், அந்த முடிவுதான் கடைசி. நான்காவது பாகத்தை நீங்கள் கேட்கவில்லை என்றால், அதே இடத்துக்குப் போக மேல்முறையீடு போட்டு, காரணம் காட்டி, அலுவலரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவுதான். கேட்டுவிடுங்கள். மொத்தச் சரக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவை இன்னும் சில. சீல் வைத்த பாக்கெட்டாக எடுத்தால் நான்கிலும் பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வேறு பேட்சாக இருந்தால் ஒரு பாகத்தின் முடிவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இதை அப்போதே சொல்லி எழுத வைக்க வேண்டும். சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறவர் யார், உண்மையிலேயே அங்கே நின்று பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள். திறந்த மூட்டையிலிருந்து எடுத்தால் பாத்திரமும் கரண்டியும் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கொடுத்த தாள்களை எல்லாம் போட்டோ எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். நான் மஸ்கட்டுக்கு அனுப்பி வைத்திருந்தேன். கடையில் இருந்த அசலில் பின்னால் எண்ணெய் கொட்டிப் பாதி அழிந்துபோனது, அந்தப் போட்டோதான் காப்பாற்றியது.

சாம்பிள் போன பிறகு பல மாதம் ஒரு சத்தமும் இல்லை. மறந்தே போய்விட்டேன். பிறகு ஒரு பதிவுத் தபால். உள்ளே பகுப்பாய்வறிக்கை. கடைசி வரியில் "தரம் குறைந்தது மற்றும் பாதுகாப்பற்றது" என்று இருந்தது. காரணம் இரண்டு: எண்ணெயில் கரையும் செயற்கை நிறமி இருக்கிறது, அமிலத்தில் கரையாத சாம்பல் அளவுக்கு மேல் இருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. அன்று கடையை மத்தியானமே அடைத்துவிட்டேன். அதைவிட மோசம், இரண்டு நாளில் ஒரு உள்ளூர்ச் செய்தியில் கடைப் பெயரோடு "கலப்பட மிளகாய்த்தூள்" என்று வந்துவிட்டது. வழக்கே போடவில்லை, மேல்முறையீட்டுக் காலம்கூட முடியவில்லை, அதற்குள் ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது. பெண்ணின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். வழக்கமாக மாதச் சாமான் எடுக்கும் ஐந்தாறு குடும்பம் அதோடு நின்றது. அதில் இரண்டு பேர் எனக்கு நெருங்கிய சொந்தம்.

அறிக்கையில் நிற்கிற ஒரு சொல்தான் உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'தரம் குறைந்தது' என்று மட்டும் இருந்தால் அது குற்ற வழக்கு இல்லை. மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ., விசாரித்து அபராதம் விதிப்பார். பிரிவு 51-இன்படி 5 லட்சம் வரை போகலாம், ஜெயில் கிடையாது. லேபிள் குறைபாடு என்றால் பிரிவு 52, 3 லட்சம் வரை, அதுவும் டி.ஆர்.ஓ.தான். 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் பிரிவு 59, நீதித்துறை நடுவர் முன்னால் குற்ற வழக்கு. யாருக்கும் பாதிப்பு ஏற்படாவிட்டாலும்கூட அப்போது 6 மாதம் வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும் இருந்தது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து அதை 3 மாதம், 3 லட்சம் என்று மாற்றியது. ஒரே அறிக்கையில் இரண்டு சொல்லும் இருந்தால் பெரியதுதான் நிற்கும். பலர் அறிக்கை வந்ததும் "சரி, ஃபைன்தானே" என்று இருந்துவிடுகிறார்கள். முதலில் அந்தக் கடைசி வரியைப் படியுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஒருவர் போன் செய்தார். யார் நம்பர் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. "ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு, இருபத்தஞ்சாயிரம் குடுத்தா ரிப்போர்ட்டை மாத்திரலாம்" என்றார். ஏற்கெனவே பதிவுத் தபாலில் வந்த அறிக்கையை எப்படி மாற்றுவார் என்று கேட்டேன், வைத்துவிட்டார். பயந்து போயிருக்கும்போது இப்படி ஆட்கள் வருவார்கள், எச்சரிக்கை. வணிகர் சங்கத்தில் ஒரு அண்ணாச்சி மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: "தாயி, கவரைத் தூக்கிப் போட்டுராத. அதுல இருக்க தேதிதான் உனக்கு உசுரு." அவர் இதற்கு முன்பு இருந்த 1954-ஆம் வருட உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடத்தியவர். அந்தக் காலத்தில் பெரும்பாலான கலப்படக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 6 மாதச் சிறை, தப்பவே முடியாது என்பார். அதனால்தான் அவருக்கு ஒவ்வொரு தேதியும் மனப்பாடம்.

கவரின் முக்கியத்துவம் என்னவென்றால், பகுப்பாய்வறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், படிவம் 8-இல். அறிக்கையில் போட்டிருக்கும் தேதி வேறு, உங்கள் கைக்குக் கிடைத்த தேதி வேறு. தபாலில் வந்தால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் கையெழுத்துக்குக் கீழே தேதியை நீங்களே எழுதுங்கள். அந்த 30 நாளும் போய்விட்டால் அந்த அறிக்கை கல்வெட்டு மாதிரி, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடக்கும்.

மேல்முறையீடு போட்டால் தானாக மறு ஆய்வுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. சட்டம், நியமன அலுவலர் 'முடிவு செய்தால்' மேல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றுதான் சொல்கிறது. ஆகவே "எனக்கு ஒன்றும் தெரியாது, கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. அறிக்கையில் எது இடிக்கிறது என்று எழுத வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு இளம் பெண் வக்கீல், உணவு வழக்குகளை ஏற்கெனவே பார்த்தவர், என்னை உட்கார வைத்து அறிக்கையை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். மிளகாயின் சிவப்பே எண்ணெயில் கரையும் நிறம்தான். சூடான் போன்ற கலப்படச் சாயங்களும் எண்ணெயில்தான் கரையும். அதனால் "எண்ணெயில் கரையும் நிறம்" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தச் சாயம், எந்த முறையில் பிரித்துக் கண்டார்கள் என்று சொல்ல வேண்டும். எங்கள் அறிக்கையில் சாயத்தின் பெயரும் இல்லை, சோதனை முறையும் இல்லை. இது முதல் காரணம். பகுப்பாய்வாளர் மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும், எங்களுடையது பல மாதம் தாண்டி வந்தது. இது இரண்டாவது. இந்தக் காலக்கெடுவை எல்லா நீதிமன்றமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை, அதனால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்று வக்கீல் எச்சரித்தார். ஆனாலும் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, அந்த ஆய்வகத்துக்கு அந்தச் சோதனைக்கான அங்கீகாரம் அந்தத் தேதியில் இருந்ததா என்ற கேள்வி. 2015-இல் மேகி நூடுல்ஸ் தடையை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, சட்டப்படி அங்கீகாரம் இல்லாத ஆய்வகங்களின் முடிவை நம்பியதும், நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை போட்டதும்தான் பெரிய காரணங்கள். அத்தனை பெரிய கம்பெனிக்குக் கிடைத்த நியாயம் ஒரு தெருக்கடைக்கும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது.

மறு ஆய்வு உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு வக்கீல் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். டெல்லி மாநகராட்சிக்கும் கீசா ராம் என்பவருக்கும் நடந்தது, உச்ச நீதிமன்றம் வரை போனது. தயிர் சாம்பிள். வழக்குப் போடவே நாளாகிவிட்டது. மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பியபோது தயிர் கெட்டுப்போய்ச் சோதிக்க முடியாத நிலை. அரசுத் தரப்பின் தாமதத்தால் அவருடைய மறு ஆய்வு உரிமை போனதால், முதல் அறிக்கையை வைத்துத் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பால், தயிர், இனிப்பு, கேக் விற்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளுக்கு ஆயுசு குறைவு, நாள் ஓட ஓட உங்கள் சாட்சியமும் கெடுகிறது. அதனால் சீக்கிரமாகவும் எழுத்திலும் கேட்க வேண்டும்.

நியமன அலுவலர் மேல்முறையீட்டை ஏற்று, தன்னிடமிருந்த ஒரு பாகத்தை மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.க்கு, அதாவது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, அனுப்பினார். மேல் ஆய்வகங்களில் அது ஒன்று. காத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் வராது, போன் அடித்தால் வயிற்றைப் பிசையும். முடிவு வந்தது: செயற்கை நிறமி இல்லை. ஆனால் அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது 1.7 இருந்தது. இதற்கு மண், தூசி என்று அர்த்தம். களத்தில் தரையில் காய வைத்து, சரியாகச் சலிக்காமல் அரைத்தால் இப்படி ஏறும். ஆக, 'பாதுகாப்பற்றது' போய் 'தரம் குறைந்தது' மட்டும் நின்றது. நடுவர் நீதிமன்றம் இல்லை, டி.ஆர்.ஓ. விசாரணை மட்டும். அன்று வக்கீல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படவில்லை.

ஒருவேளை 'பாதுகாப்பற்றது' நின்றிருந்தால் அடுத்து என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியமன அலுவலர் தன் பரிந்துரையை 14 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அனுப்ப வேண்டும். ஆணையர் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. குற்றம் நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 77. காரணத்தை எழுத்தில் பதிவு செய்து ஆணையர் இதை 3 ஆண்டு வரை நீட்டிக்கலாம். எனவே சம்மன் வந்தால் முதலில் மூன்று தேதியைப் பாருங்கள்: மாதிரி எடுத்தது, அனுமதி கொடுத்தது, வழக்குப் பதிந்தது. போலீஸ் தனியாக, 2024 ஜூன் வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 272, 273 பிரிவுகளில் வழக்குப் போடுவார்கள் என்றும் சிலர் பயமுறுத்தினார்கள். பாதுகாப்பற்ற உணவுக்கு இந்தத் தனிச் சட்டம் இருக்கும்போது அந்தப் பிரிவுகளில் வழக்கு நடத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ராம்நாத் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இனி பில் விஷயம். அறிக்கை வந்த உடனே கம்பெனி லைன் வண்டித் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, அது நம்ம பேட்சே இல்ல, யாரோ டூப்ளிகேட் போட்டிருக்கான்" என்றான். அதுவரை வாராவாரம் சிரித்துக்கொண்டு வந்தவன். என்னிடம் பில் இருந்தது, ஆனால் அதில் பேட்ச் எண் இல்லை, சின்ன கம்பெனிகள் பெரும்பாலும் போடுவதில்லை. நல்லவேளை, சரக்கு இறக்கிய அன்று அவனே அட்டைப்பெட்டியைப் போட்டோ எடுத்து "டெலிவரி ஓகே" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண் தெளிவாக இருந்தது. கம்பெனிக்காரர் அதற்குப் பிறகு டூப்ளிகேட் பேச்சை எடுக்கவில்லை.

பில்லுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பிரிவு 27-இல் விற்பவருக்கு எப்போதெல்லாம் பொறுப்பு வரும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது: காலாவதியானதை விற்றால், சுத்தமில்லாமல் வைத்திருந்தால், லேபிள் தவறென்றால், கெட்டது என்று தெரிந்தே வாங்கினால், அப்புறம் யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால். கடைசிதான் நம் ஆட்கள் மாட்டுகிற இடம். துண்டுச் சீட்டில் வாங்குவது, பில் இல்லாமல் ரூபாய் குறைவு என்று எடுப்பது. அதே சட்டத்தின் பிரிவு 26, சப்ளையர் கொடுக்கும் பில்லையே தரத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது. பிரிவு 80-இல், நியாயமாகச் செய்ய வேண்டிய சோதனைகளைச் செய்தேன், சந்தேகப்படக் காரணம் இல்லை என்று நிரூபித்தால் அது ஒரு எதிர்வாதம். "எனக்குத் தெரியாது, நல்லது என்றுதான் நினைத்தேன்" என்பது மட்டும் எதிர்வாதம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இப்போது நான் பில்லில் பேட்ச் எண்ணைப் பேனாவால் எழுதச் சொல்கிறேன். சப்ளையரின் உரிமத்தை நகல் எடுத்து, காலாவதித் தேதியைப் பார்த்து ஃபைலில் வைக்கிறேன். முறைக்கிறார்கள், பரவாயில்லை.

டி.ஆர்.ஓ. விசாரணை நான் பயந்த அளவுக்கு இல்லை. நோட்டீஸ் வரும், பதில் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 90 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும் என்று விதி. வக்கீல் இல்லாமலும் பேசலாம். அபராதத் தொகையை முடிவு செய்யப் பார்க்க வேண்டியவை பிரிவு 49-இல் இருக்கின்றன: எவ்வளவு லாபம் கிடைத்தது, யாருக்கு நஷ்டம், திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் நடந்ததா. எங்கள் பதிலை அந்த வரிசையிலேயே எழுதினோம். ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு நின்றது மூன்று ரூபாய் என்று பில்லோடு காட்டினோம். மீதி இருந்த பாக்கெட்டுகளை அறிக்கை வந்த அன்றே எடுத்து வைத்துக் கம்பெனிக்குத் திருப்பியதற்கான ரசீதையும் வைத்தோம். எனக்கு 5,000 ரூபாய், கம்பெனிக்கு 50,000 ரூபாய் என்று உத்தரவு வந்தது.

மொத்தச் செலவு என்று பார்த்தால் வக்கீலுக்கு 35,000, கட்டணம், போக்குவரத்து, நகல் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000-க்குப் பக்கம், அபராதம் 5,000. கடை வியாபாரம் விழுந்ததை என்னால் கணக்குப் போட முடியவில்லை. அந்தச் செய்தியைப் போட்டவர்களிடம் கடைசி உத்தரவின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நான் விற்றது மூடிய பாக்கெட், அந்த 5,000 கூட என் தலையில் வந்திருக்கக் கூடாது என்றுதான் வக்கீல் சொன்னார். 5,000-க்காக இன்னொரு சுற்று அலைய எனக்குத் தெம்பில்லை. கட்டாமல் விட்டால் நில வரி பாக்கி மாதிரி வசூலிப்பார்கள், கட்டும் வரை பதிவையும் நிறுத்தி வைக்கலாம். அதனால் செலான் கட்டி, அதன் நகலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். கம்பெனிக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதாகக் கேள்வி. அவர் சரக்கை நான் எடுப்பதில்லை.